நமீப் பாலைவனத்தில் சொகுசு சஃபாரி லாட்ஜ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்மேற்கு ஆப்பிரிக்க நாடான நமீபியாவின் மேற்குக் கரை நெடுகிலும் நீண்டு கிடக்கும் நமீப் பாலைவனத்திலும் அதை ஒட்டிய வறண்ட மலைப்பகுதிகளிலும் அமைந்துள்ள சஃபாரி லாட்ஜ்களில் தங்க விரும்புவோர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. பயணத்தைத் திட்டமிடும்போது எழும் ஐயங்களே பெரும்பாலும் இடம்பெறுகின்றன.

பாலைவனத்தில் விலங்குகள் இருக்குமா? மற்ற சஃபாரிகளைப் போல யானை, சிங்கம் எல்லாம் பார்க்க முடியுமா?

இருக்கின்றன, ஆனால் எண்ணிக்கையில் குறைவு. புல்வெளிச் சஃபாரியில் ஒரே காலையில் நூற்றுக்கணக்கான விலங்குகளைக் கண்டு பழகியவர்கள், இங்கே ஒரு மணிநேரம் ஓட்டிச் சென்றும் ஒற்றை ஓரிக்ஸ் மானை மட்டும் பார்த்துத் திரும்ப நேரிடலாம். அந்த ஒற்றை விலங்கு அங்கே எப்படி உயிர் வாழ்கிறது என்பதை அறிந்துகொள்வதில்தான் பாலைவனச் சஃபாரியின் சுவை இருக்கிறது. கடும் வெயிலில் ஓரிக்ஸ் தன் உடல் வெப்பம் வெகுவாக ஏறும்படி விட்டுவிடுகிறது. மூளைக்குச் செல்லும் இரத்தத்தை மட்டும் மூக்குப் பகுதியிலுள்ள நுண்ணிய நாளங்களின் வழியே குளிர்வித்துக்கொள்கிறது. வியர்த்து நீரை இழப்பதைக் காட்டிலும் அதற்கு இது சிக்கனமான வழி.

வடமேற்கில், குனேனே பகுதியின் ஹோவானிப், ஹோவாருசிப் முதலிய வறண்ட ஆற்றுப்படுகைகளில் யானைகள் வாழ்கின்றன. அவை தனி இனமல்ல. பாலைக்குப் பழகிய சவானா யானைகளே. சிறு கூட்டங்களாகப் பிரிந்து, நீருக்கும் தீனிக்கும் இடையே நெடுந்தொலைவு நடந்து, சில நாட்கள் நீரின்றியே தாக்குப்பிடிக்கின்றன. அதே பகுதியில் சிங்கங்கள் உண்டு. அவற்றுள் சில அட்லாண்டிக் ஓரத்திலுள்ள எலும்புக்கூட்டுக் கடற்கரை (ஸ்கெலிட்டன் கோஸ்ட்) வரை சென்று கடல்நாய்களையும் கடற்பறவைகளையும் வேட்டையாடுகின்றன. மலைவரிக்குதிரை, ஒட்டகச்சிவிங்கி, பழுப்புக் கழுதைப்புலி, கறுப்புக் காண்டாமிருகம் ஆகியவையும் இங்குண்டு. இவற்றில் எதையும் உறுதியாகக் காட்டுவதாக எந்த லாட்ஜும் வாக்குக் கொடுக்க முடியாது. அப்படிக் கொடுத்தால் அந்த லாட்ஜைத் தவிர்ப்பதே நல்லது.

தெற்கா, வடமேற்கா? எந்தப் பகுதியைத் தேர்ந்தெடுப்பது?

மணற்குன்றுகளையும் இரவு வானத்தையும் முதன்மையாக விரும்புவோர் தெற்கே, மணற்குன்றுகள் சூழ்ந்த களிமண் தளமான சோசுஸ்வ்ளே, தனியார் இயற்கைக் காப்பகமான நமீப்ராண்ட் ஆகிய பகுதிகளுக்குச் செல்லலாம். 2013-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்ட நமீப் மணற்கடல் அங்கேதான் இருக்கிறது. விலங்குகளையும் அவற்றைத் தடம் பார்த்துத் தேடுவதையும் விரும்புவோருக்கு வடமேற்கே, டமராலாந்து என்று இன்றும் பலர் அழைக்கும் குனேனே பகுதி பொருந்தும். 2007-இல் உலகப் பாரம்பரியக் களமான ட்வைஃபல்ஃபொன்டைன் பாறைச் செதுக்கல்களும் அங்கே இருக்கின்றன. இரண்டையும் ஒரே பயணத்தில் இணைக்கலாம், ஆனால் ஒரு வாரத்துக்குக் குறைவான பயணத்தில் அப்படிச் செய்தால் பாதி நேரம் சாலையிலேயே கழிந்துவிடும். குறைந்த நாட்களே இருப்பவர்கள் ஒரு பகுதியை மட்டும் தேர்ந்தெடுப்பதே என் பரிந்துரை.

எந்த மாதங்களில் செல்வது நல்லது?

மே முதல் அக்டோபர் வரையிலான வறண்ட மாதங்களையே பெரும்பாலோர் தேர்ந்தெடுக்கின்றனர். ஜூன், ஜூலை மாதங்களில் பகல் இதமாகவும் இரவு உறைநிலையை நெருங்கும் அளவுக்குக் குளிராகவும் இருக்கும். திறந்த வண்டியில் அதிகாலையில் செல்லும்போது காதுகளை மூடும் தொப்பியும் கையுறையும் இல்லாதவர்கள் பெரிதும் தவிப்பார்கள். செப்டம்பர், அக்டோபரில் ஆற்றுப்படுகைகளிலுள்ள அனா மரங்களின் காய்கள் உதிர்வதால் யானைகளை அம்மரங்களின் அடியில் காணும் வாய்ப்பு கூடுகிறது. நவம்பர் முதல் வெப்பம் ஏறி, பகலில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நாட்கள் வருகின்றன. ஜனவரி முதல் ஏப்ரல் வரை எங்காவது மழை பெய்தால் வறண்ட ஆறுகளில் திடீர் வெள்ளம் வந்து பாதைகள் துண்டிக்கப்படலாம். அதே மழைக்குப் பிறகு சரளைச் சமவெளிகள் முழுவதும் மெல்லிய புல் முளைத்து நிற்பது அரிய காட்சி. கட்டணம் குறைவான அந்தக் காலத்தை, வெப்பம் தாங்கக்கூடியவர்கள் ஒதுக்கிவிட வேண்டியதில்லை.

கட்டணம் ஏன் இவ்வளவு அதிகம்? அதில் என்னென்ன அடங்கும்?

மேல்நிலை லாட்ஜ்களில் ஒருவருக்கு ஓர் இரவுக் கட்டணம் 10,000 நமீபிய டாலரைத் தாண்டுவது இயல்பு. இந்த விலைக்கு முதற்காரணம் மெத்தையோ நீச்சல்குளமோ அல்ல, தொலைவுதான். காய்கறி, டீசல், வண்டி உதிரிபாகம், கண்ணாடிக் குவளை என அனைத்தும் பல நூறு கிலோமீட்டர் சரளைச் சாலையில் வந்து சேர வேண்டும். பணியாளர்களுக்கு அங்கேயே குடியிருப்பு அமைத்துத் தர வேண்டும். இரண்டாவது காரணம், ஏராளமான நிலத்துக்கு மிகக் குறைந்த அறைகள் மட்டுமே அனுமதிக்கப்படுவது. நமீப்ராண்ட் இயற்கைக் காப்பகம் 2,00,000 ஹெக்டேருக்கும் மேல் பரந்திருந்தும், அங்குள்ள படுக்கைகளின் எண்ணிக்கைக்குக் கடுமையான வரம்பு வைத்திருக்கிறது.

விலைப்பட்டியலைப் படிக்கும்போது மூன்று விவரங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, குறிப்பிட்ட தொகை இருவர் ஓர் அறையைப் பகிர்ந்துகொள்ளும்போது ஒருவருக்கு ஆகும் தொகையாகவே பெரும்பாலும் இருக்கும். தனியாகச் செல்வோர் கூடுதலாகச் செலுத்த வேண்டும். இரண்டாவது, டி.பி.பி. என்று போட்டிருந்தால் இரவு உணவு, படுக்கை, காலையுணவு மட்டுமே அடங்கும். மதிய உணவு, பானங்கள், விலங்குகளையும் நிலக்காட்சியையும் பார்க்கச் செல்லும் வண்டிச் சுற்று எல்லாம் தனிக் கணக்கு. முழுத் தொகுப்புக் கட்டணம் முதற்பார்வைக்கு அதிகமாகத் தோன்றினாலும், தினமும் இரண்டு சுற்றுகளைத் தனியாக வாங்கினால் வித்தியாசம் பெரும்பாலும் மறைந்துவிடும். மூன்றாவது, பூங்கா நுழைவுக் கட்டணமும் விமான ஓடுதளத்திலிருந்து அழைத்துச் செல்லும் செலவும் எதில் சேர்ந்திருக்கின்றன என்பது.

சோசுஸ்வ்ளே செல்வதற்கு, அது அமைந்துள்ள நமீப்-நௌக்லுஃப்ட் தேசியப் பூங்காவுக்குள்ளேயே தங்க வேண்டுமா?

கட்டாயமில்லை, ஆனால் பயன் உண்டு. பூங்காவின் செஸ்ரியெம் வாயிலுக்கு வெளியே தங்குவோருக்குச் சூரிய உதயத்தில்தான் கதவு திறக்கும். வாயிலிலிருந்து சோசுஸ்வ்ளே வரை ஏறத்தாழ 65 கிலோமீட்டர். அதில் கடைசி 5 கிலோமீட்டர் தளர்ந்த மணல், நான்கு சக்கர இயக்க வண்டிக்கு மட்டுமே உரியது. எனவே வெளியிலிருந்து வருவோர் குன்றடியை அடையும்போது வெயில் ஏறி, குன்றுகளின் நிழலும் நிறமும் ஏற்கெனவே மங்கிவிடும். அரசு நிறுவனம் நடத்தும் சோசுஸ் டியூன் லாட்ஜைப் போலப் பூங்கா எல்லைக்குள் இருக்கும் விடுதிகளில் தங்குவோர் ஏறத்தாழ ஒரு மணிநேரம் முன்னதாகவே புறப்படலாம்.

அந்த ஒரு மணிநேரத்தின் மதிப்பை, சோசுஸ்வ்ளேக்கு அருகிலுள்ள டெட்வ்ளேயில் உணரலாம். சௌசாப் ஆற்றின் வெள்ளம் ஒரு காலத்தில் வந்து நின்ற களிமண் தளம் அது. மணற்குன்றுகள் நகர்ந்து ஆற்றின் வழியை அடைத்த பின், அங்கிருந்த வேல மர வகை மரங்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே பட்டுப்போயின. காற்றில் ஈரமில்லாததால் இன்றுவரை மக்காமல், கருகிய நிறத்தில் நிற்கின்றன. பின்னாலுள்ள குன்று சிவந்து, தளம் இன்னும் நிழலிலேயே கிடக்கும் சில நிமிடங்கள் காலையில் மட்டுமே வாய்க்கும். ஏறத்தாழ 325 மீட்டர் உயரமுள்ள ‘பிக் டாடி’ குன்றில் ஏற நினைப்போரும் முகட்டு வரியைப் பிடித்துக் காலையிலேயே ஏறிவிட வேண்டும். கோடையில் நண்பகல் மணல் 60 டிகிரியைத் தாண்டிச் சுடும்.

நல்ல லாட்ஜ் எது என்று எப்படி அறிந்துகொள்வது?

படங்களைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. எல்லா லாட்ஜ்களின் படங்களிலும் குளியல்தொட்டிக்கு முன்னால் ஒரு மலை இருக்கும். நிலம் யாருடையது, அந்த நிலத்துக்கு லாட்ஜ் என்ன திருப்பித் தருகிறது என்ற இரண்டையும் கேட்டுத் தெரிந்துகொள்வதே நான் நம்பும் அளவுகோல்.

இதற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. வடமேற்கில் 1980-களின் தொடக்கத்தில் வறட்சியாலும் சட்டவிரோத வேட்டையாலும் யானைகளும் காண்டாமிருகங்களும் அழிவின் விளிம்புக்குச் சென்றன. அப்போது வனவிலங்குப் பாதுகாவலர் கார்த் ஓவன்-ஸ்மித் உள்ளூர்த் தலைவர்களுடன் சேர்ந்து, கிராமத்தவரையே வனவிலங்குக் காவலர்களாக நியமிக்கும் முறையைத் தொடங்கினார். அப்பணிக்காக அவரும் மானுடவியலாளர் மார்கரெட் ஜேக்கப்சனும் 1993-இல் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் பரிசைப் பெற்றனர். 1990-இல் நாடு விடுதலை பெற்றபின், 1996-ஆம் ஆண்டுச் சட்டம் கிராமச் சமூகங்கள் தங்கள் நிலத்தைக் ‘கன்சர்வன்சி’யாகப் பதிவு செய்து, அங்குள்ள விலங்குகளிலிருந்தும் சுற்றுலாவிலிருந்தும் வரும் வருவாயைத் தாங்களே நிர்வகிக்க வழிசெய்தது. டோரா கன்சர்வன்சி 1998-இல் முதலில் பதிவானவற்றுள் ஒன்று. அதன் மக்களோடு ஒப்பந்தம் செய்துகொண்ட டமராலாந்து கேம்ப் என்ற லாட்ஜ் 1996-லேயே திறக்கப்பட்டிருந்தது. இன்று எண்பதுக்கும் மேற்பட்ட கன்சர்வன்சிகள் நாட்டின் பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை நிர்வகிக்கின்றன.

இதன் பொருள் பயணிக்கு நேரடியானது. இரவில் சிங்கம் ஒருவரின் ஆடுகளை அடித்துவிட்டால், அந்த இழப்பை அந்த ஊர் பொறுத்துக்கொள்வதற்கு விலங்கு உயிரோடு இருப்பதால் தனக்கும் வருமானம் வருகிறது என்ற நிலை இருக்க வேண்டும். ஆகவே முன்பதிவு செய்யும்போதே, “எந்தக் கன்சர்வன்சியோடு ஒப்பந்தம்? இரவுக்கு எவ்வளவு அவர்களுக்குச் செல்கிறது? வழிகாட்டிகளிலும் மேலாளர்களிலும் எத்தனை பேர் அந்தப் பகுதியைச் சேர்ந்தவர்கள்?” என்று எழுதிக் கேளுங்கள். நல்ல லாட்ஜ் தெளிவான எண்களோடு பதில் தரும். தெற்கில் பெரும்பாலும் தனியார் நிலம் என்பதால் அங்கே கேள்வி வேறு: வேலிகள் அகற்றப்பட்டனவா, தங்கும் கட்டணத்தில் காப்பகத்துக்கான பங்கு உண்டா? நமீப்ராண்ட், ஆல்பி ப்ரூக்னர் 1984 முதல் வறட்சியில் நொடித்துப்போன ஆட்டுப் பண்ணைகளை ஒவ்வொன்றாக வாங்கி இணைத்து, உள்வேலிகளை எடுத்துவிட்டு உருவாக்கிய காப்பகம். அங்குள்ள லாட்ஜ்கள் செலுத்தும் தொகையே அதன் பராமரிப்புக்கு ஆதாரம்.

லாட்ஜுக்கு எப்படிச் செல்வது? நாமே வண்டி ஓட்டிச் செல்லலாமா?

செல்லலாம். தலைநகர் விண்ட்ஹூக்கிலிருந்து செஸ்ரியெம் ஏறத்தாழ 350 கிலோமீட்டர், ஐந்து மணிநேரத்துக்குக் குறையாத பயணம். பெரும்பகுதி சரளைச் சாலை. அங்கே வண்டிகள் இடப்புறமாகச் செல்லும். சரளையில் மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பதைப் பயணிகள் தமக்குத் தாமே விதியாக வைத்துக்கொள்ள வேண்டும். அந்நாட்டில் சுற்றுலாப் பயணிகளின் விபத்துகள் பல, வேறு எந்த வண்டியும் மோதாமல், வளைவில் வண்டி தானே உருண்டு நேர்பவை. வாடகை வண்டியின் காப்பீட்டில் உருளல், சக்கர வெடிப்பு, மணற்காற்றால் வண்ணப்பூச்சு தேய்தல் ஆகியவை அடங்குமா என்று ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள். இரண்டு மாற்றுச் சக்கரங்கள், போதுமான குடிநீர், இருட்டுவதற்கு முன்பே சென்றுசேரும்படியான நேரத் திட்டம் ஆகிய மூன்றும் தவிர்க்கக் கூடாதவை.

வடமேற்கின் ஒதுக்குப்புற லாட்ஜ்களுக்குச் சிறு விமானமே வழி. ஒற்றை எஞ்சின் செஸ்னா விமானம், லாட்ஜுக்கு அருகிலுள்ள மண் ஓடுதளத்தில் இறங்கும். வெப்பக் காற்றில் நண்பகலுக்குப் பின் அது நன்றாகவே குலுங்கும். குமட்டல் வரக்கூடியவர்கள் காலை விமானத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

எவ்வளவு சாமான் கொண்டுசெல்லலாம்?

சிறு விமானத்தில் கைப்பை, கேமரா உட்பட ஒருவருக்கு 20 கிலோ என்பது பரவலான வரம்பு. அதைவிடக் குறைவாகவும் இருக்கலாம். பை மென்மையானதாக, சக்கரமும் சட்டமும் இல்லாததாக இருக்க வேண்டும். பல லாட்ஜ்களில் துணி துவைத்துத் தருவார்கள்.

ஒரு நாள் எப்படிக் கழியும்?

இருள் பிரியுமுன் கதவைத் தட்டி எழுப்புவார்கள். காபிக்குப் பின் வண்டிச் சுற்று அல்லது நடை, வெயில் ஏறுமுன் திரும்பி உணவு, நண்பகல் ஓய்வு, மாலையில் மீண்டும் ஒரு சுற்று. வழிகாட்டியோடு நடக்கும் காலை நடையை யாரும் தவறவிட வேண்டாம். கடலோரத்தில் ஓடும் குளிர்ந்த பெங்குவேலா நீரோட்டத்தால் உருவாகும் மூடுபனி, சில இரவுகளில் பல பத்துக் கிலோமீட்டர் உள்நாட்டுக்குள் புகுந்துவிடும். அத்தகைய காலையில் கடலுக்கு நெருக்கமான குன்றுகளின் முகட்டில் விரல்நுனி அளவுள்ள கறுப்பு வண்டுகள் வரிசையாக நிற்கும். தலையைக் கீழே தாழ்த்தி, பின்னுடலைக் காற்றுக்கு எதிரே தூக்கி, முதுகில் படியும் பனித்துளிகள் ஒன்றுசேர்ந்து வாய்க்கு உருண்டு வரும் வரை அவை அசையாமல் காத்திருக்கும். ஆண்டுக்குச் சில பத்து மில்லிமீட்டர் மழைகூட உறுதியில்லாத நிலத்தில் இந்தப் பனியே பல உயிர்களுக்கு நீர்.

காண்டாமிருகத்தை நடந்து சென்று பார்ப்பது பாதுகாப்பானதா?

பயிற்சி பெற்ற தடம் பார்ப்போருடன் செல்லும் வரை பாதுகாப்பானது. 1982-இல் தொடங்கப்பட்ட ‘சேவ் தி ரைனோ டிரஸ்ட்’ அமைப்பின் காவலர்கள் விடியலில் முன்னே சென்று தடத்தைக் கண்டுபிடித்து வாக்கி-டாக்கியில் வழிகாட்டிக்குத் தெரிவிப்பார்கள். கறுப்புக் காண்டாமிருகத்துக்குக் கண்பார்வை மங்கல், மோப்பமும் செவியும் கூர்மை. எனவே காற்று அதன் பக்கமிருந்து நம் பக்கம் வீசும் திசையிலேயே, ஒற்றை வரிசையில், பேசாமல் அணுக வேண்டும். அது தலையை நிமிர்த்திக் காதுகளைத் திருப்பத் தொடங்கினால் வழிகாட்டி பின்வாங்கச் சொல்வார். அதற்கு மறுபேச்சு இல்லை. படங்களில் இடக்குறிப்பு பதிவாகாதபடி கைப்பேசியின் இருப்பிட வசதியை முன்பே அணைத்துவிடுங்கள். கொம்புக்காக வேட்டையாடுவோர் இணையப் படங்களிலிருந்து இடத்தை அறிந்துகொள்ளும் ஆபத்து உண்மையானது.

இரவு வானத்தைப் பார்க்கச் சிறப்பான ஏற்பாடு உண்டா?

நமீப்ராண்ட் 2012-இல் சர்வதேச இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. ஆப்பிரிக்காவில் அந்தத் தகுதியைப் பெற்ற முதல் இடம் அதுவே. அங்கே விளக்குகள் அனைத்தும் கீழ்நோக்கி மட்டுமே ஒளிரும்படி மூடப்பட்டுள்ளன. சில லாட்ஜ்களில் தொலைநோக்கி உண்டு, சிலவற்றில் கூரைமேல் படுக்கை விரித்துத் தருவார்கள். ஜூன் முதல் ஆகஸ்டு வரை பால்வெளியின் மையப்பகுதி இரவில் ஏறத்தாழத் தலைக்கு மேலேயே நிற்கும். அமாவாசையை ஒட்டிய நாட்களைப் பார்த்துப் பதிவு செய்யுங்கள். பலர் கவனிக்காத விவரம் இது.

இரவில் தனியாக நடமாடலாமா?

வடமேற்கின் வேலியற்ற முகாம்களில் கூடாது. உணவுக்கூடத்திலிருந்து அறைக்குப் பணியாளர் ஒருவர் விளக்குடன் வந்து விட்டுச் செல்வார். தெற்கில் விதி தளர்வாக இருக்கலாம். அங்கும் காலணி அணியாமல் வெளியே இறங்காதீர்கள், தேள் உண்டு.

தண்ணீர், மின்சாரம், இணையம் எப்படி?

தண்ணீர் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வருவது. மீண்டும் நிரம்பப் பல ஆண்டுகள் ஆகும் நிலத்தடி நீர் அது. தனி நீச்சல்தொட்டி ஒவ்வோர் அறைக்கும் இருப்பதைப் பெருமையாக விளம்பரப்படுத்தும் லாட்ஜை நான் பரிந்துரைப்பதில்லை. மின்சாரம் பெரும்பாலும் சூரியத் தகடுகளிலிருந்து கிடைப்பதால் முடி உலர்த்தி போன்றவற்றை அறையில் பயன்படுத்த முடியாமல் போகலாம். மின்செருகி மூன்று உருண்டை முனைகள் கொண்டது. இணையம் பொதுக்கூடத்தில் மட்டுமே கிடைப்பதும் உண்டு.

சைவ உணவு கிடைக்குமா?

கிடைக்கும், முன்பே சொல்லியிருந்தால். உணவுப்பொருள் லாரியில் குறிப்பிட்ட நாட்களில்தான் வரும் என்பதால், வந்திறங்கிய பிறகு சொன்னால் சமையற்காரர் எவ்வளவு விரும்பினாலும் அவரால் செய்யக்கூடியது குறைவு. முட்டை, பால், மீன் ஆகியவற்றில் எதை உண்பீர்கள், எதைத் தவிர்ப்பீர்கள் என்று தனித்தனியாக எழுதி அனுப்புங்கள்.

குழந்தைகளையும் முதியோரையும் அழைத்துச் செல்லலாமா?

பல லாட்ஜ்கள் குழந்தைகளுக்குக் குறைந்தபட்ச வயது வைத்துள்ளன. காண்டாமிருக நடைக்கு அது இன்னும் கூடுதல். முதியோருக்குத் தடையில்லை. வண்டியில் நெடுநேரம் குலுங்குவதும் மருத்துவமனை வெகுதொலைவில் இருப்பதும்தான் அவர்கள் கருத வேண்டியவை. வான்வழி மருத்துவ மீட்பு அடங்கிய காப்பீடு எந்த வயதினருக்கும் அவசியம்.

விசா, தடுப்பூசி, பணம் குறித்து என்ன கவனிக்க வேண்டும்?

2025 ஏப்ரல் 1 முதல் முன்பு விலக்குப் பெற்றிருந்த பல நாட்டினருக்கும் விசா கட்டாயமாக்கப்பட்டுள்ளது. உங்கள் குடியுரிமைக்கான விதியை அரசுத் தளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். மஞ்சள் காய்ச்சல் அபாயமுள்ள நாட்டிலிருந்து வருவோரிடம் தடுப்பூசிச் சான்று கேட்கப்படும். வழியில் அத்தகைய நாட்டின் விமான நிலையத்தில் நெடுநேரம் காத்திருந்தாலும் கேட்கலாம். வடபகுதியில் மலேரியா அபாயம் உள்ளதால் மருத்துவரிடம் பயணத் திட்டத்தைக் காட்டி ஆலோசனை பெறுங்கள். நமீபிய டாலரின் மதிப்பு தென்னாப்பிரிக்க ராண்டுக்குச் சமமாகக் கட்டப்பட்டது. நமீபியாவில் இரண்டும் செல்லும். அன்பளிப்புக்கும் வழியில் பெட்ரோலுக்கும் ரொக்கம் வைத்திருப்பது நல்லது. வழிகாட்டிக்குத் தனியாகவும், சமையலறை, துப்புரவுப் பணியாளர்களுக்குப் பொதுப் பெட்டியிலும் அன்பளிப்பு வைப்பது வழக்கம்.

வடமேற்கில் வாழும் ஹிம்பா பழங்குடியினரின் கிராமத்துக்கு அழைத்துச் செல்வார்களா?

சில லாட்ஜ்கள் அழைத்துச் செல்கின்றன. அந்தக் குடும்பத்தார் வருகைக்கு முன்கூட்டியே இசைந்திருக்கிறார்களா, அவர்களுக்கு எவ்வளவு சேர்கிறது என்பதைக் கேட்டபின் முடிவெடுங்கள். கேட்காமல் படமெடுக்க வேண்டாம். குழந்தைகளுக்கு இனிப்பும் காசும் கொடுக்க வேண்டாம். வழிகாட்டியின் மூலமாகவேனும் வீட்டாரோடு பேசி, அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கும் விடை சொல்லிவிட்டு வருவதே மரியாதை.

ஓர் இடத்தில் எத்தனை இரவுகள் தங்குவது?

மூன்று. ஓர் இரவு மட்டும் தங்கினால் வந்த களைப்பு தீருமுன் பெட்டி கட்ட வேண்டும். இரண்டு இரவுகளில் கிடைப்பது ஒரே ஒரு முழு நாள், அன்று மணற்காற்று அடித்தால் எல்லாம் போயிற்று. மூன்று இரவுகள் இருந்தால் முதல் நாள் தவறிய யானைக் கூட்டத்தின் தடத்தை மறுநாள் தொடர வழிகாட்டிக்கும் வாய்ப்பிருக்கும். நாட்கள் போதவில்லையெனில் லாட்ஜ்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள், இரவுகளை அல்ல. கடலோர மூடுபனியால் சிறு விமானம் தாமதமாவதும் உண்டு என்பதால், கடைசி லாட்ஜிலிருந்து புறப்படும் அன்றே பன்னாட்டு விமானத்தைப் பிடிக்கும்படி திட்டமிடாமல், விண்ட்ஹூக்கில் ஓர் இரவு தங்குமாறு ஒதுக்கி வையுங்கள். ஹோசியா குட்டாகோ பன்னாட்டு விமான நிலையம் நகரத்திலிருந்து ஏறத்தாழ 45 கிலோமீட்டர் கிழக்கே இருப்பதையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.